கெப் இழுக்கும், ஆனால் நிற்குமா?

2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின், நம் வியாபாரிகள் கையிலிருக்கும் வாகனத்தையே இரண்டு மடங்கு வேலை வாங்கிப் பழகிவிட்டார்கள். 2025இல் இறக்குமதி மீண்டும் ஆரம்பமானது. ஆனாலும் புதிய லொறியின் விலை சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே கெப்புக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லரைக் கொழுவிக்கொள்வது பலருக்கும் நல்ல யோசனையாகத் தெரிகிறது. யோசனையில் பிழையில்லை. பாரத்தைக் கணக்குப் பார்க்காமல் ஏற்றுவதுதான் பிழை.

நானும் அந்தப் பிழையைச் செய்தவன்தான். சில வருடங்களுக்கு முன் கண்டியிலிருந்து மாவனெல்லைக்கு ஒரு ஜெனரேட்டரை ட்ரெய்லரில் ஏற்றிச் சென்றோம். "நானா, இது மூன்றரை டொன் இழுக்கிற கெப். பயப்பட வேண்டாம்" என்றார் சாரதித் தம்பி. கடுகண்ணாவை இறக்கத்தில் பின்னாலிருந்த பாரம் எங்களைத் தள்ளத் தொடங்கியது. பிரேக் சூடேறிக் கருகல் மணம் வந்தது. தம்பி கியரைக் குறைத்து, மண்மேட்டில் உரசி நிறுத்தினார். உயிர் தப்பினோம். ஜெனரேட்டர் தப்பவில்லை.

பிறகுதான் வாகனக் கையேட்டைத் திறந்தேன். 3,500 கிலோ என்பது சொந்த பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு. பிரேக் இல்லாததற்கு 750 கிலோதான். எங்களுடையதில் பிரேக் இல்லை. பாரமோ 1,400 கிலோ!

பிரேக் இருந்தாலும் 3,500 முழுதாகக் கிடைக்காது. ஓர் உதாரணக் கணக்குப் பாருங்கள். கெப்பும் ட்ரெய்லரும் சேர்ந்து 5,850 கிலோவைத் தாண்டக்கூடாது, கெப் மட்டும் 3,000ஐத் தாண்டக்கூடாது என்று கையேடு சொல்வதாக வைப்போம். வெறும் கெப் 2,050 கிலோ. ஆட்களும் சாமானும் 800. மொத்தம் 2,850. இதை 5,850இல் கழித்தால் ட்ரெய்லருக்கு 3,000 மிஞ்சும்.

அதுவும் முடிவல்ல. ட்ரெய்லர் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொழுக்கியின் மேல் அழுத்தும். அது கெப்பின் கணக்கில் சேரும். 3,000 கிலோ ட்ரெய்லர் என்றால் 300 கிலோ. கெப் 3,150 ஆகிவிடும். கெப்பில் இருப்பதோ 150 கிலோவுக்குத்தான் இடம். ஆகவே ட்ரெய்லர் 1,500ஐத் தாண்டக்கூடாது. கூடுதலாக இழுக்க வேண்டுமென்றால் கெப்பிலுள்ள சாமானை இறக்க வேண்டும். கொழுக்கியிலும் டயரிலும் எழுதியுள்ள அளவு இதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அளவுதான் எல்லை.

ஒரு சதம் குறைந்தாலும் கல்லாவைத் திரும்ப எண்ணுகிறோம். பாரத்தை மட்டும் ஏன் கண்ணால் அளக்கிறோம்? லொறி நிறுக்கும் தராசில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். இரண்டு பயணத்தை ஒன்றாக்கி மிச்சம் பிடிக்கும் டீசல் காசு, ஒரு விபத்தின் நட்டத்துக்குக் காணாது. இறக்கத்தில் நமக்கு முன்னால் போகிறவர் நம் வியாபாரத்தில் பங்காளியல்ல. நம்முடைய நட்டத்தை அவர் ஏன் சுமக்க வேண்டும்?