ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். ரோஜா பறிக்கிற அக்காவுக்கு?

பிப்ரவரி 14-க்கு நீங்க வாங்குற ரோஜா எங்கிருந்து வருது? ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கத்துப் பசுமைக்குடில்கள்ல இருந்தும்தான்.

வெளியில இருந்து பார்த்தா அழகு. உள்ளே போய்ப் பாருங்க. மூடின பிளாஸ்டிக் கூடாரம். வெயில் ஏற ஏறப் புழுக்கம். அந்த அடைப்புக்குள்ளதான் மருந்தடிப்பு. ஈரத் தரையில மோட்டார், கரன்ட் வயர். கிழிஞ்ச ஷீட்டை மாத்த மேல ஏறணும்.

விழுந்தா? "ஆஸ்பத்திரி செலவு பார்த்துக்கிறோம், கேஸ் எல்லாம் வேணாம்." கையில கொஞ்சம் பணம். கதை முடிஞ்சது!

"விவசாய வேலைக்கு நஷ்டஈடு கிடையாது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே தோட்டக்கலை வேலையும் இருந்தது, பூச்சிமருந்து தெளிப்பும் இருந்தது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் முதலாளியின் பொறுப்பு தொடருது.

கணக்கு போடுவோம். மாதச் சம்பளம் ரூ.12,000, வயசு 30. வேலையில உயிர் போனா, சம்பளத்தில் பாதி ரூ.6,000. அதை அந்த வயசுக்கான காரணி 207.98-ஆல் பெருக்குங்க. ரூ.12,47,880! இது பிச்சை இல்லை, உரிமை.

அப்போ ஓட்டை எங்கே? சட்டம் பொறுப்பை முதலாளி மேல வச்சது. அதுக்குப் பாலிசி எடுத்தே ஆகணும்னு சொல்லல. ரோட்டுல ஓடுற ஸ்கூட்டருக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பத்துப் பேர் வேலை செய்யுற குடிலுக்குக் கட்டாயம் இல்லை. இது என்ன நியாயம்?

"சின்ன விவசாயி பிரீமியத்துக்கு எங்கே போவான்?" நியாயமான கேள்விதான். ஆனா பாலிசி இல்லாத சின்ன விவசாயி ஒரே விபத்துல ரூ.12 லட்சத்துக்கு எங்கே போவார்? நிலத்தை வித்தாதான் உண்டு. காப்பீடு அவருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

பசுமைக்குடில் அமைக்க 50% வரை மானியம் தர்றது நம்ம வரிப்பணம். அதனால நம்ம கோரிக்கை:

👉 தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு இருந்தால்தான் மானியம்.
👉 சிறு விவசாயிகளின் பிரீமியத்தில் ஒரு பங்கை அரசே ஏற்கணும்.
👉 இழப்பீட்டு உரிமையை வேலையில சேரும் அன்னைக்கே தொழிலாளிக்குப் புரியுற மொழியில எழுதிக் கொடுக்கணும். 2017 திருத்தமே சொன்னது இது.

பிளாஸ்டிக் கூரைக்கு மானியம் உண்டு. அதுக்குக் கீழே நிக்கிற உயிருக்கு?

உங்க ஊர் குடில்ல வேலை செய்யுற ஒருத்தருக்காவது இதை வாசிச்சுக் காட்டுங்க.

#குடிலுக்குள்ளும்_உயிர்தான்