உச்சி மாடத்து ஆசனம்

நாட்டியம் பார்க்க ஆசை மட்டும் போதாது, கையில் காசும் காலில் பலமும் வேண்டும் என்று ஏற்பட்டுவிட்டால், கலை சிலருடைய சொத்தாகிவிடும். லண்டன்வாசிகள் இதை வெகு காலம் முன்பே உணர்ந்திருந்தார்கள்.

அந்நகரின் கோவென்ட் கார்டன் நாடகசாலை 1808-ல் தீக்கிரையாயிற்று. மறு வருஷம் புதிதாகக் கட்டித் திறந்தபோது டிக்கெட் விலையை உயர்த்தினார்கள். "பழைய விலை!" என்று சபையோர் இரவுதோறும் போட்ட கூச்சலில், நடிகர்களின் பேச்சு யார் காதிலும் விழவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் நடந்த கலகத்தின் முடிவில், 4 ஷில்லிங்காக ஏறியிருந்த கீழ்த்தளத்துக் கட்டணம் பழையபடி 3 ஷில்லிங் 6 பென்ஸுக்கு இறங்கிற்று.

அதே இடத்தில் 1858-ல் திறந்த அரங்கில்தான் இப்போது ராயல் பாலே கோஷ்டியார் ஆடுகிறார்கள். மலிவான ஆசனங்களில் பல உச்சி மாடத்தில் இருக்கின்றன. இதனால் பெரு நஷ்டமில்லை. 'ஸ்வான் லேக்' நடனத்தில் அன்னப் பெண்கள் அணிவகுக்கும் கோலம் மேலிருந்து பார்த்தால்தான் முழுமையாகத் தெரியும், முகபாவந்தான் எட்டாது. ஓரத்து ஆசனமோ மேடையின் ஒரு பகுதியையே மறைத்துவிடும். ஆகையால் மலிவிலும் நடுவிடத்தைத் தேடுவதே உத்தமம்.

படியேற இயலாதவர் என்ன செய்வது? பிரிட்டனின் 2010-ம் வருஷத்துச் சமத்துவச் சட்டப்படி, உடல் ஊனமுள்ளோருக்கு நியாயமான வசதி செய்து தருவது அரங்கத்தாரின் கடமை. அதற்காகும் செலவை அவர்கள் தலையில் சுமத்தவும் கூடாது.

ஆகவே, அங்கு செல்லும் நேயர்கள் விலையோடு நிறுத்தாமல், படிகள் எத்தனை, மேடையை மறைப்பது ஏதேனும் உண்டா, சக்கர நாற்காலிக்கு இடம் எங்கே என்றும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். கூச்சம் வேண்டியதில்லை. அரை ஷில்லிங்குக்காக இரண்டு மாதம் தொண்டை கிழியக் கத்திய ஊர் அல்லவா அது!