மாம்பழம் கொடுத்தது யார்?



இங்கிலீஷ் பீரியடில் ரிலேட்டிவ் கிளாஸ் வந்தாலே நம்மில் பல பேர் தலையைக் குனிந்துகொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு தப்பு செய்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. (சின்ன வகுப்புத் தம்பி தங்கைகளும் படிக்கணும் என்று ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்.)

மாங்கனித் திருவிழா பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொன்னார்கள். நம்ம ஊர்க் கதைதானே என்று தைரியமாக எழுதினேன். பரமதத்தன் அனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றை, பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதியார் கொடுத்துவிடுகிறார். ‘அம்மையார் மாம்பழம் கொடுத்த அடியார்’ என்று எழுத நினைத்தேன். ‘அம்மையார்’ என்பதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டு, ‘த டெவோட்டி ஹூ கேவ் த மேங்கோ’ என்று எழுதினேன். வாசித்ததும் எல்லோரும் சிரிச்சாங்க. “அடியாரா மாம்பழம் கொடுத்தாரு?” கதையே தலைகீழாகிவிட்டது! ‘த டெவோட்டி டு ஹூம் ஷி கேவ் த மேங்கோ’ என்பதுதான் சரி.

அன்று ராத்திரி தமிழ் இலக்கணப் புத்தகத்தை எடுத்தேன். பெயரெச்சம் பாடத்தைப் பார்த்ததும் ‘அட, இதுதானா!’ என்று தோன்றியது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறு வகைப் பெயர் பெயரெச்சத்துக்குப் பின்னால் வரும் என்று நன்னூல் சொல்கிறது. நம்ம திருவிழாவையே பாருங்கள்.

மாம்பழம் இறைக்கிற மக்கள் – ஹூ
மக்கள் இறைக்கிற மாம்பழம் – விச் அல்லது தட்
மாம்பழம் இறைக்கிற தெரு – வேர்
மாம்பழம் இறைக்கிற நாள் – வென்

தமிழில் ‘இறைக்கிற’ மாறவே இல்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இணைப்புச் சொல். நமக்கு விவரம் முன்னே, பெயர் பின்னே. அவர்களுக்குப் பெயர் முன்னே, விவரம் பின்னே. அவ்வளவுதான் வித்தியாசம்! இது தெரிந்தால் நாம் செய்கிற தப்பெல்லாம் தானாகவே தெரியும்.

ஒன்று: ‘த மேங்கோ விச் ஐ பாட் இட்’ என்று எழுதக் கூடாது. ‘விச்’ வந்துவிட்டதால் ‘இட்’ வேண்டாம்.

இரண்டு: ‘த கேர்ள் கேம் எஸ்டர்டே இஸ் மை ஃப்ரெண்ட்’ தப்பு. வந்தது அந்தப் பெண் என்பதால் ‘ஹூ’ கட்டாயம் வேண்டும். ஆனால் ‘த மேங்கோ ஐ பாட்’ சரி. அங்கே வாங்கியது நான், மாம்பழம் இல்லை.

மூன்று: ‘மை பிரதர் ஹூ ஒர்க்ஸ் இன் துபாய்’ என்று கமா இல்லாமல் எழுதினால் வேறு அண்ணனும் இருக்கிறார் என்று அர்த்தம். ‘பிரதர்’ பக்கத்தில் கமா போட்டால் ஒரே அண்ணன்தான். ஒரு கமாவில் ஒரு அண்ணனே காணாமல் போய்விடுவார்!

நம்ம காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சு படித்த எங்கள் தெருத் தாத்தா ஒருவரிடம் இதைச் சொன்னேன். “பிரெஞ்சிலும் பெயர்தான் பாப்பா முதல்ல வரும். செய்யறவருக்கு ‘கி’, செய்யப்படற பொருளுக்கு ‘க’. நாங்களும் தமிழை வச்சுத்தான் புரிஞ்சுக்கிட்டோம்” என்றார்.

இங்கிலீஷ் படிக்கும்போது தமிழையே நினைக்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். என் கருத்து அதுவல்ல. தமிழை மறந்ததால் நான் தப்பு செய்யவில்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாததால்தான் செய்தேன். தமிழ் வகுப்பில் பெயரெச்சமும் ஆங்கில வகுப்பில் ரிலேட்டிவ் கிளாஸும் ஒரே வாரத்தில் நடத்தினால் எங்களுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கும்! ஆசிரியர்கள் இதை யோசிக்க வேண்டுகிறேன்.

நண்பர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கணும். அன்று நீங்கள் சிரித்த பிறகு இரண்டு வாரம் நான் கை தூக்கவே இல்லை. தப்பாகப் பேசுகிறவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எங்கே தப்பு என்று சொல்லிக் கொடுங்கள். பேசினால்தானே வரும்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தலத்தெரு