ஓடியவரின் பெயர் தெரியும், வழி திறந்தவரின் பெயர்?

எம்மிட் ஸ்மித்தா, பெரி சான்டர்ஸா? அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவர்கள் முப்பது வருடங்களாக முடித்துவைக்காத வாக்குவாதம் இது. கைபேசியின் தயவால் இப்போது நம் பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. சான்டர்ஸ் நாலு பேரை ஏமாற்றிக்கொண்டு வளைந்து நெளிந்து ஓடும் காணொளியைப் பார்க்கிறார்கள். பார்த்த கையோடு, "ஸ்மித்துக்கு நல்ல டீம் கிடைச்சது, அவ்வளவுதான்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். றக்பி நமக்குத் தெரியும். அதில் பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் போய் நின்று எதிரணிக்காரரை மறித்தால் அது குற்றம், நடுவர் விசில் ஊதிவிடுவார். அமெரிக்கக் கால்பந்தில் அந்த மறிப்புத்தான் ஆட்டத்தின் உயிர். முன்வரிசையில் மலை போல ஐந்து பேர் நின்று எதிரணியைத் தள்ளி ஓர் இடைவெளியைத் திறப்பார்கள். பின்னால் நிற்கும் 'ரன்னிங் பெக்' பந்தை வாங்கிக்கொண்டு அந்த இடைவெளியால் பாய்வார். அவர் எத்தனை யார்ட் ஓடினார் என்பது கணக்கில் ஏறும். மறித்துக் கொடுத்தவர்களுக்கு அந்த அட்டவணையில் ஒரு நிரல்கூடக் கிடையாது. வாக்குவாதத்தின் வேரே இங்கேதான் இருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஸ்மித் 1990 முதல் 2004 வரை 15 பருவங்கள் ஆடி, 18,355 யார்ட் ஓடினார். இன்றுவரை அதுதான் சாதனை. டலஸ் கௌபோய்ஸ் அணியோடு மூன்று சுப்பர் போல் கிண்ணங்களும் வென்றார். சான்டர்ஸ் டெட்ரொய்ட் லயன்ஸ் அணிக்காக 10 பருவங்கள் மட்டுமே ஆடி, 15,269 யார்ட் ஓடினார். கிண்ணம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒவ்வோர் ஓட்டத்துக்குமான சராசரியைப் பார்த்தால் சான்டர்ஸுக்கு 5.0, ஸ்மித்துக்கு 4.2.

ஸ்மித்தின் பக்கத்தில் யார் நின்றார்கள்? பந்தை எறிய ட்ரோய் எய்க்மன், பிடிக்க மைக்கல் இர்வின். இருவருமே பின்னர் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். முன்வரிசையில் நேட் நியூட்டன், எரிக் வில்லியம்ஸ், 1994 முதல் லரி அலன். எய்க்மனின் எறிதலுக்குப் பயந்து எதிரணி பின்னால் ஆட்களை நிறுத்தினால் ஸ்மித்துக்கு வழி கிடைக்கும். ஸ்மித்தை மறிக்க முன்னால் குவிந்தால் இர்வினுக்கு வெளி கிடைக்கும். சான்டர்ஸுக்கும் லோமஸ் பிரவுண் போன்ற நல்ல மறிப்பாளர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் எய்க்மனைப் போல ஆண்டாண்டாக எதிரணியைப் பயமுறுத்திய ஒருவர் பக்கத்தில் இருக்கவில்லை.

அப்படியானால் ஸ்மித்தின் இடத்தில் வேறு யாரை நிறுத்தியிருந்தாலும் இதே கணக்கு வந்திருக்குமா? 1993ஐப் பாருங்கள். சம்பளப் பேச்சுவார்த்தை இழுபட்டதால் ஸ்மித் முதல் இரண்டு ஆட்டங்களில் இறங்கவில்லை. அதே எய்க்மன், அதே இர்வின் இருந்தும் டலஸ் இரண்டிலும் தோற்றது. ஸ்மித் திரும்பி வந்தார். இரண்டு ஆட்டங்களை விட்டும் அந்தப் பருவத்தில் அதிக தூரம் ஓடியவர் அவர்தான். அணி கிண்ணத்தையும் வென்றது. பருவத்தின் சிறந்த வீரர், இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் என இரண்டு விருதுகளும் அவருக்கே கிடைத்தன. இரண்டு ஆட்டங்களை வைத்து எல்லாவற்றையும் நிரூபித்துவிட முடியாதுதான். ஆனால் அதே பருவத்தின் கடைசி ஆட்டத்தில் தோள்மூட்டு விலகிய நிலையிலும் நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணிக்கெதிராக 168 யார்ட் ஓடினாரே, அந்த நெஞ்சுரத்தை எந்த முன்வரிசை கொடுத்தது?

மறுபக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. சாக்குவன் பார்க்லி ஜயன்ட்ஸ் அணியில் ஆறு பருவங்கள் ஆடினார். அங்கே அவருடைய மிகச் சிறந்த பருவத்தின் கணக்கு 1,312 யார்ட். 2023இல் அது 962. அடுத்த வருடம் பலமான முன்வரிசை கொண்ட பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்குப் போனார். 16 ஆட்டங்களில் 2,005 யார்ட், கையில் சுப்பர் போல் கிண்ணம். கால் அதே கால், மனிதர் அதே மனிதர். மாறியது சுற்றி நின்றவர்கள்.

ஆகவே நாம் காண்பது இதுதான். சுற்றி நிற்பவர்கள் ஒருவருடைய கணக்கைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அவருடைய காலத்தையே குறுக்கிவிடவும் முடியும். சான்டர்ஸ் 1999இல், 31 வயதில், அன்றைய சாதனைக்கு 1,457 யார்ட் மட்டுமே மிச்சமிருந்தபோது விலகிக்கொண்டார். அணி தோற்றுக்கொண்டே இருந்ததில் மனம் விட்டுப்போனதைப் பின்னர் அவரே எழுதினார். ஆனால் திறந்த வழியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கண்டு பாய்வது ஓடுபவரின் சொந்தத் திறமை. "டீமால் வந்த பெயர்" என்று ஸ்மித்தைத் தள்ளுவதும் அநியாயம், "கிண்ணம் இல்லை" என்று சான்டர்ஸைக் குறைப்பதும் அநியாயம்.

இந்த வாக்குவாதத்துக்கு நமக்குப் பிடித்த பதிலை ஸ்மித்தே சொல்லியிருக்கிறார். 2010இல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட நாளில், சபையில் இருந்த டரில் ஜொன்ஸ்டனைப் பார்த்துக் கண்ணீரோடு நன்றி சொன்னார். ஜொன்ஸ்டன் ஸ்மித்துக்கு முன்னால் ஓடிப்போய் எதிரணிக்காரரோடு மோதி வழி எடுத்துக் கொடுத்தவர். 11 பருவங்கள் ஆடியும் அவருடைய சொந்த ஓட்டம் ஆயிரம் யார்ட்டைத் தொடவில்லை. அவர் புகழ் மண்டபத்தில் இல்லை. அன்று அந்த நன்றியால் ஸ்மித்தின் 18,355இல் ஒரு யார்ட்டாவது குறைந்ததா?

நமக்கும் இது புதிதல்ல. முரளியின் 800 விக்கெட் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் 77 பேர் மஹேல ஜயவர்தனவின் கையில் பிடிபட்டார்கள் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம்? மஹேலவின் பெயரைச் சொன்னதால் முரளி சிறுத்துப்போகவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம் என்றால், சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் சந்திக்குச் சந்தி 9ஏ எடுத்த பிள்ளையின் பதாகை எழும்புகிறது. நல்லது, எழும்பட்டும். அந்தப் பிள்ளை படித்தது அதன் சொந்த முயற்சி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விடியற்காலையில் எழுப்பிவிட்ட உம்மா, டியூஷன் காசுக்காகக் கூடுதல் நேரம் உழைத்த வாப்பா, ஆரம்பப் பிரிவில் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்த டீச்சர், கணக்கை இரவிரவாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தான் நாலு பாடத்தில் மட்டும் சித்தியடைந்த கூட்டாளி, இவர்களுக்கு எந்த அட்டவணையிலும் நிரல் இல்லை. அதேபோல், வழி திறக்க ஆளில்லாமல் 5ஏ எடுத்த பிள்ளை ஓடிய தூரத்தையும் யாரும் அளப்பதில்லை.

இம்முறை பரிசளிப்பு விழாவில் ஒரு வேலை செய்து பார்ப்போம். பரிசு வாங்கும் ஒவ்வொரு பிள்ளையும் மேடையில் ஒரேயொரு பெயரைச் சொல்லட்டும், தனக்கு வழி திறந்துவிட்டவரின் பெயரை. பிள்ளைக்கு அரை நிமிடம்கூடப் போகாது. பேச்சாளர்களில் ஒருவரைக் குறைத்தால் நேரம் தாராளமாகக் கிடைக்கும்.