ஆட்டிசம் என்று எழுதியதோடு நின்றுவிடக் கூடாது

இரண்டரை வயதாகியும் பேச்சு வராத, கண் பார்த்துச் சிரிக்காத, ஓயாமல் கைகளை உதறும் குழந்தைக்கு, ‘ஆட்டிசம்’ அல்லது ‘வளர்ச்சித் தாமதம்’ என்று மருத்துவர் சீட்டில் எழுதுகிறார். பெரும்பாலான குடும்பங்களில் தேடல் அத்துடன் முடிந்துவிடுகிறது. ஏன் வந்தது என்ற கேள்விக்கு உறவினர்களே பதில் சொல்லிவிடுகிறார்கள்: சொந்தத்தில் கட்டியது, கிரகணத்தன்று வெளியே போனது, தாய் செல்போனைக் கையில் கொடுத்தது.

இந்தக் குழந்தைகளில் சிலருக்கு விடை ஒரே ஒரு மரபணுவில் இருக்கிறது. ஃபிரஜைல் எக்ஸ் எனப்படும் இந்த மரபணுக் கோளாறு சுமார் 4,000 ஆண்களில் ஒருவருக்கும் 8,000 பெண்களில் ஒருவருக்கும் வருவதாகக் கணிக்கப்படுகிறது. அரியதுதான். ஆனால் ஆட்டிசத்தோடு தொடர்புடைய தனி மரபணுக் காரணங்களில் இதுவே முதன்மையானது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்எம்ஆர்1 மரபணு 1991இல் கண்டறியப்பட்டது. அதில் ‘சிஜிஜி’ என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து வரும். 200 முறைக்கு மேல் வந்தால் மரபணு முடங்கி, மூளை நரம்பு இணைப்புகளுக்குத் தேவையான புரதம் உருவாகாமல் போகிறது.

55 முதல் 200 முறை வரை உள்ளவர்கள், அதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்லக்கூடிய கடத்திகள். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது இந்த எண்ணிக்கை பெருகக்கூடும். தாய்க்கே அது அவருடைய தந்தையிடமிருந்து வந்திருக்கலாம். உறவுத் திருமணம் இதற்குக் காரணமல்ல. தாயின் நடத்தையும் அல்ல. இந்த ஓர் உண்மையை மருத்துவமனையே குடும்பத்தாரை உட்காரவைத்துச் சொன்னால், எத்தனையோ பெண்கள் சுமக்கும் பழி இறங்கும்.

குணப்படுத்த மருந்தில்லாதபோது பரிசோதனை எதற்கு என்று கேட்கிறார்கள். மருத்துவர்களிலும் சிலர் கேட்கிறார்கள். இந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. காரணம் தெரிந்தால் வலிப்பு, பதற்றம், கவனக்குறைவு ஆகியவற்றை எதிர்பார்த்துச் சிகிச்சை தரலாம். பேச்சுப் பயிற்சியை அதற்கேற்ப வகுக்கலாம். தாயின் சகோதரிகளுக்குக் கருத்தரிக்கும் முன்பே ஆலோசனை கிடைக்கும். கடத்தியான பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பையின் செயல்பாடு குன்றுகிறது. கடத்தியான தாத்தாவுக்கு ஐம்பதைத் தாண்டியபின் கைநடுக்கமும் நடைத் தள்ளாட்டமும் வரக்கூடும். அதை வெறும் முதுமை என்று விட்டுவிடுகிறோம். ஒரு குழந்தையின் ரத்தத்தில் மூன்று தலைமுறைக்கான தகவல் இருக்கிறது.

இன்னொரு கொடுமையும் உண்டு. பெருந்தொகை செலவழித்து, பல மரபணுக்களை ஒருசேரப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை செய்து, ‘குறை ஏதுமில்லை’ என்ற அறிக்கையோடு திரும்பும் பெற்றோர் இருக்கிறார்கள். வழக்கமான எக்ஸோம் பரிசோதனையும் குரோமோசோம் மைக்ரோஅரே பரிசோதனையும் ஃபிரஜைல் எக்ஸைக் கண்டறிவதில்லை. இதற்கென உள்ள தனிப் பரிசோதனையை மருத்துவர் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

இதற்காகப் புதிதாக அமைப்பு எதையும் உருவாக்கத் தேவையில்லை. தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் 2013 முதல் நடக்கிறது. அதன் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கு காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதத்தோடோ ஆட்டிசத்தோடோ வரும் ஒவ்வொரு குழந்தைக்கும், பெண் குழந்தைகள் உட்பட, ஃபிரஜைல் எக்ஸ் பரிசோதனையை இலவசமாகச் செய்ய அரசு முன்வர வேண்டும். முடிவு வரும் நாளில் மரபணு ஆலோசகர் பேசாமல் அறிக்கையை மட்டும் கையில் கொடுத்தனுப்புவது ஆபத்தானது; தாயின் தங்கையின் திருமணப் பேச்சில் அந்தத் தாள் ஆயுதமாகிவிடும். ஆகவே ஆலோசகர் பணியிடங்களையும், முடிவுகளின் ரகசியத்தைக் காக்கும் விதிகளையும் பரிசோதனையோடு சேர்த்தே அறிவிக்க வேண்டும்.