காலியாவை நிறுத்தியது எது?

வெள்ளைக்காரன் பீரங்கியோடும் நீராவிக் கப்பலோடும் வந்தான், நாம் தோற்றோம். பள்ளிக்கூடம் முதல் டீக்கடை வரை இந்தக் கதைதான். இதன் புதுப் பதிப்பு இப்போது தொலைக்காட்சி விவாதங்களில் ஓடுகிறது: டிரோன் வந்துவிட்டது, இனிப் போர்க்கப்பலெல்லாம் காயலான் கடைக்கு! இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. புது எந்திரம் யார் கையிலோ, கடல் அவர் கையில். தூத்துக்குடிக் கரையில் நின்றுகொண்டு இதை நம்ப வேண்டுமானால் நல்ல ஞாபகமறதி வேண்டும்.

சுதேசிக் கப்பல் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1906 அக்டோபரில் வ.உ.சி. பதிவு செய்தது, மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். முதலில் பம்பாயிலிருந்து வாடகைக் கப்பல் வந்தது. எதிராளியான பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் கப்பல்காரர்கள் பின்வாங்கினார்கள். சொந்தமாகவே வாங்கிவிடுவோம் என்று கிளம்பினார் வ.உ.சி. 1907-இல் காலியா, லாவோ இரண்டும் வந்து சேர்ந்தன. இரண்டும் நீராவிக் கப்பல்களே. எதிராளியிடம் இருந்த தொழில்நுட்பம் அப்படியே நம்மவர் கைக்கும் வந்துவிட்டது. கூட்டமும் சரக்கும் சுதேசிக் கப்பலைத் தேடி வந்தன.

பிறகு ஏன் கவிழ்ந்தது? கொதிகலன் வெடித்தா? இல்லை. எதிராளி தூத்துக்குடி-கொழும்புக் கட்டணத்தை நஷ்டத்துக்கு இறக்கினான். கடைசியில் பயணிகளை இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தான் என்று சொல்வார்கள். அந்த நஷ்டத்தைத் தாங்க அவனுக்கு வேறு கடல்களில் வேறு வழித்தடங்கள் இருந்தன, அரசின் தபால் ஒப்பந்தங்கள் இருந்தன, அதிகாரிகளும் அவன் பக்கம். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். 1911-இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. காலியாவை நிறுத்தியது இன்னொரு கப்பல் அல்ல, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ என்னும் ராஜத்துரோகப் பிரிவு.

பீரங்கிக் கதையும் இப்படித்தான். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களுக்கு நடுவே, ஆழமில்லாத தண்ணீரில், போர்த்துக்கீசியரின் பெரிய கப்பல்களுக்கு வேலையே இல்லை. 1538-இல் மண்டபம் அருகே வேதாளையில் மலபார் மாப்பிள்ளை முஸ்லிம்களின் கப்பற்படையை அவர்கள் முறியடித்தபோது வந்தது துடுப்புப் படகுகளில். எதிர்த்தரப்பிலும் பீரங்கி இருந்தது, துப்பாக்கி இருந்தது. போர்த்துக்கீசியருக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கிடைத்த பலம் வேறு. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பாதுகாப்புக் கேட்டுக் கொச்சிக்குத் தூது போய், மதம் மாறி, அவர்களோடு சேர்ந்திருந்தார்கள். எந்தப் பார் எங்கே, எந்தக் காற்றில் எந்த வழி என்று தெரிந்தவர்கள் ஒரு பக்கம் சாய்ந்த பிறகு பீரங்கியின் நீளத்தை அளந்து என்ன பயன்?

புதியது வந்தால் பழையது செத்துவிடும் என்பாருக்குப் பாய்மரத் தோணியைக் காட்டலாம். நீராவிக் கப்பல் தூத்துக்குடிக் கரைக்கு வர முடியாமல் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பஞ்சு மூட்டையும் பயணியும் கரைக்கும் கப்பலுக்கும் போய்வந்தது தோணியில். ஆக, நீராவி வந்ததால் பாய்மரத்துக்கு வேலை கூடியது! அந்த வேலையைப் பிறகு பறித்ததும் எந்திரமல்ல, ஆழப்படுத்திய புதிய துறைமுகம். அதற்குப் பின்னும் தோணி சாகவில்லை; எஞ்சினை மாட்டிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போனது.

‘டிரோன் காலத்தில் ரஷ்யப் போர்க்கப்பல் மாஸ்க்வா மூழ்கவில்லையா?’ என்று கேட்பார்கள். 2022 ஏப்ரலில் மூழ்கியதுதான், உக்ரைன் கரையிலிருந்து ஏவிய ஏவுகணைகளால். அதன் பிறகு கருங்கடலில் உக்ரைனின் ஆளில்லாப் படகுகளும் ரஷ்யக் கப்பல்களை அடித்தன. அந்தப் படகுகளை ஓட்டியவர்கள் தொலைவில் உட்கார்ந்திருந்தார்கள். செயற்கைக்கோள் இணைப்பும் உளவுத் தகவலும் இல்லாவிட்டால் அவை திசை தெரியாமல் மிதக்கும் வெடிமருந்து, அவ்வளவே.

அப்படியொரு இணைப்பு நமக்கும் உண்டு; தூத்துக்குடியிலிருந்து அதிக தூரமில்லை, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணம். 1990 முதல் அங்கே ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் கடற்படைத் தளம் இருக்கிறது. பெயர்தான் கப்பல் பெயர். நிற்பது பொட்டல் காட்டில். கடலுக்கடியில் இருக்கும் நம் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்பும் கோபுரங்கள் அங்கே இருக்கின்றன. நமக்கு எத்தனை நீர்மூழ்கி, சீனாவுக்கு எத்தனை என்று விரல்விட்டு எண்ணும் நிபுணர்கள் யாரும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.