எச்.ஐ.வி. பயமும் சித்திரகுப்தன் கணக்கும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் நமது பிரசாரக் கூட்டங்கள் முடிந்த பிறகு, மேடைக்கு முன்னால் கேட்கக் கூசிய கேள்வியைத் தனியே வந்து கேட்கும் வாலிபர்கள் உண்டு. கடவுளைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் பலர் முன்னிலையில் தைரியமாய் வாதம் செய்கின்றவர்களே, இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் நம்மைக் கொட்டகைக்குப் பின்புறம் அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் பேசுகின்றார்கள். "அய்யா, வெளியூரில் ஒரு நாள் ஒரு பெண்ணிடம் போய்விட்டேன். அந்த வியாதி வந்திருக்குமோ?" என்பதுதான் கேள்வி. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய் வந்தவர், கல்யாணம் நிச்சயமானவர், வளைகுடா வேலைக்குப் பாஸ்போர்ட்டு எடுத்து வைத்திருப்பவர் என்று ஆள்தான் வேறே தவிர, கேள்வி ஒன்றேயாகும்.

"சோதனை செய்து பார்த்தீரா?" என்று நாம் கேட்டால் பதில் வருவதில்லை. எட்டு மாதமாய்த் தூக்கமில்லை என்கிறார். எச்சில் விழுங்கும்போதெல்லாம் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார். தோளில் ஒரு கொப்புளம் கிளம்பினால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை. திங்களும் வெள்ளியும் மாத்திரம் நடை திறக்கிற சிறுவாச்சூர் அம்மனுக்கு நாள் பார்த்துப் போய் வேண்டுதல் வைத்து வருகிறார். தினந்தோறும் திறந்து வைத்திருக்கிற ஆஸ்பத்திரிச் சோதனை அறைக்கு மாத்திரம் போவதில்லை. இன்னொருவரோ மூன்று தடவை சோதித்து, மூன்று தடவையும் "இல்லை" என்று சீட்டு வாங்கி வைத்துக் கொண்டு, நாலாவது தடவைக்கு வேறு ஊர் தேடுகின்றார்.

கிருமி பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இவர்கள் பயப்படுவது கிருமிக்குத்தானா என்று கேட்கின்றோம். காலரா கண்ட ஊரில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறவன் கிருமிக்குப் பயந்தவன். செய்த காரியத்திற்குத் தண்டனை எப்பொழுது வரும் என்று உடம்பையே பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் சித்திரகுப்தனுக்குப் பயந்தவன். கடவுளை விட்டு விட்டேன் என்று மேடையில் சொல்லுகிற தோழர்களிடத்திலும் எமலோகக் கணக்குப் புத்தகம் மாத்திரம் ஒரு மூலையில் பத்திரமாய் இருந்து வருகின்றது.

இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? கிருஷ்ணன் மகன் சாம்பனுக்குச் சாபத்தால் குஷ்டம் வந்ததாகவும், சந்திரனுக்குத் தட்சன் சாபத்தால் க்ஷயம் வந்ததாகவும் புராணம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்திரன்தான் குருவின் பெண்சாதி தாரையைக் கொண்டு போனவன். அவன் இன்றைக்கும் நவக்கிரகத்தில் ஒருவனாய் நின்று கொண்டு விளக்கும் பூஜையும் பெற்று வருகின்றான். லாரி டிரைவர் மாத்திரம் எட்டு மாதம் தூங்காமல் கிடக்க வேண்டுமாம்!

கிருமிக்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது. ரத்தம், விந்து, பெண்ணுறுப்பில் ஊறும் நீர், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாய் அது போகும். கை குலுக்கினாலோ, ஒரே குவளையில் குடித்தாலோ, கொசு கடித்தாலோ போகாது. கிருமியுள்ள, மருந்து சாப்பிடாத ஒருவரோடு உறையில்லாமல் ஒரு தடவை சேர்ந்தால், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு இலாகாவின் கணக்குப்படி ஆணுக்குத் தொற்றுவது 10,000-க்கு 4, பெண்ணுக்கு 8. ஆணோடு ஆண் சேருவதில் அபாயம் இதைவிட அதிகம். மேக வியாதிப் புண் இருந்தாலும் கணக்கு ஏறும். "நாலுதானே" என்று உறையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அந்த நாலில் ஒருவர் தாமாயிருக்கக்கூடும். ஆனால் கழுத்தைத் தடவிப் பார்த்துத் தெரிந்து கொள்ளக் கூடிய விஷயம் இதில் ஒன்றும் கிடையாது.

சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லையானால், ஏ.ஆர்.டி. மையமுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். அவசியமென்று டாக்டர் கண்டால் 28 நாள் மருந்து சாப்பிட்டுத் தொற்றைத் தடுத்துக் கொள்ள வழியுண்டு. அந்த மூன்று நாளைத்தான் நமது வாலிபர்கள் வெட்கத்திற்குக் காணிக்கை செலுத்தி விடுகிறார்கள். அது தவறிப் போனால் சோதனைதான். மறுநாளே சோதித்தால் ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாக நாள் பிடிக்கும். 3 மாதம் கழித்துப் பார்த்து, இடையில் வேறு சம்பவமும் இல்லாமலிருந்து, "இல்லை" என்று வந்தால் இல்லைதான். அதற்கு மேலும் பயம் தீராதவர் மனோவியாதி டாக்டரிடம் போகலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் தேதி போட்டு லாட்ஜில் முகாம் போடுகிற வைத்தியரிடம் மாத்திரம் போக வேண்டாம். அவர் விற்கிற லேகியத்திற்கு முதல் சரக்கே உங்கள் பயம்தான்.

நிற்க, இந்த வியாதி இந்தியாவில் முதல் முதல் கண்டுபிடிக்கப்பட்ட கதையை நம்மவர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். அது வெள்ளைக்கார நாட்டு வியாதி, நம்முடைய ஒழுக்கமான தேசத்துக்கு வராது என்று பெரிய மனிதர்கள் பெருமை பேசிக் கொண்டிருந்த காலம். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மேல்படிப்புப் படித்த டாக்டர் நிர்மலா, தம் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனின் யோசனைப்படி, சர்க்கார் காப்பகத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்ததில் ஆறு பேருக்குக் கிருமி இருந்தது. அந்த இரு அம்மையார்களின் அறிவையும் உழைப்பையும் போற்றுகின்றோம். ஆனால் அந்தப் பெண்களிடம் சென்ற ஆண்களை எந்தக் காப்பகத்திலும் யாரும் பூட்டி வைத்திருக்கவில்லை. ஆதலால் முதல் கணக்கில் ஆண்பிள்ளை அகப்படவேயில்லை; பழி முழுவதும் பெண்கள் தலையில் ஏறிற்று.

இன்றைக்கும் அதுவேதான் நடக்கின்றது. கர்ப்ப காலத்தில் எல்லாப் பெண்களுக்கும் இந்தச் சோதனை நடப்பதால், புருஷன் கொண்டு வந்த கிருமி முதலில் பெண்சாதியின் ரத்தத்தில்தான் வெளிப்படுகின்றது. உடனே மாமியார் வீட்டில் "எங்கே போய் வாங்கி வந்தாய்?" என்கிறார்கள். அப்பொழுது புருஷன் வாய் திறக்கின்றானா? கொட்டகைக்குப் பின்புறம் நம்மிடம் பேசுகிறவர்கள் அனைவரும் தங்களைப் பற்றியே அழுகிறார்கள். தங்கள் பெண்சாதிக்கு என்ன ஆயிருக்கும் என்று கேட்டவர் மிகச் சிலரே.

வெட்கத்துக்கு மனிதன் கொடுக்கிற விலையை 2018 டிசம்பரில் இந்த நாடே பார்த்தது. சாத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் கிருமி இருந்தது. ரத்தம் கொடுத்தவர் ஒரு சிறு வாலிபர். 2016-லேயே அவர் கொடுத்த ரத்தத்தில் கிருமி தெரிந்திருந்தும் அவருக்கு விஷயம் சொல்லப்படவில்லை என்று செய்தி வந்தது. வெளிநாட்டு வேலைக்காகச் சோதித்த போதுதான் அவர் அறிந்தார். அறிந்ததும் ஒளிந்து கொள்ளவில்லை; தம் ரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாமென்று தாமே போய்ச் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. சோதனை அறையின் தப்பிதத்தைத் தம் பாவமாக எண்ணி, அந்த மாதமே அவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். பத்து யோக்கியர்களுக்குச் சமானமான அந்த வாலிபருக்கு, "தம்பி, தப்பு உன்னுடையதல்ல, இதற்கு மருந்திருக்கிறது" என்று நம்பும்படி எடுத்துச் சொல்லுவார் இல்லாமல் போயிற்று.

மருந்து உண்மையிலேயே இருக்கின்றது. 2004 ஏப்ரல் முதல் சர்க்கார் அதை இனாமாய்க் கொடுத்து வருகின்றது. ஒழுங்காய்ச் சாப்பிட்டு, கிருமி சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், சேர்க்கையின் மூலம் அடுத்தவருக்குத் தொற்றுவதில்லை. தாய் மருந்து சாப்பிட்டால் குழந்தையையும் காப்பாற்றலாம். 2017-ல் செய்து 2018 செப்டம்பர் 10 முதல் அமுலுக்கு வந்த சட்டப்படி, சம்மதமில்லாமல் சோதனை செய்வதும், முடிவை ஊருக்குச் சொல்லுவதும், வேலையை விட்டு நீக்குவதும் கூடாது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்று எழுதிய அறையில் சோதனை இனாம். முதல் சோதனையில் கிருமி தெரிந்தாலும், வேறு வேறு முறையில் மொத்தம் மூன்று தடவை பார்த்த பிறகே "இருக்கிறது" என்று சொல்லுவார்கள். நேரில் போகக் கூசுகிறவர்கள் 1097 என்ற நெம்பரில் பேரைச் சொல்லாமலே பேசலாம்.

நமது இயக்கத் திருமணங்களை நடத்தி வைக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாதகம் பார்ப்பதை நாம் ஒழித்துவிட்டோம், சந்தோஷம். அந்த இடத்தில் மணமகனும் மணமகளும் தங்கள் சம்மதத்தின் பேரில், நாள் குறிக்கும் முன்பே, சேர்ந்து போய் ரத்தம் சோதித்துக் கொள்ளும் வழக்கத்தை ஏன் வைக்கக் கூடாது? பெண்ணை மாத்திரம் அனுப்புவதானால் நாம் அதற்குச் சம்மதியோம். "என் மகனைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கோபித்துக் கொள்வார். கோபம் தணிந்த பிறகு, வேண்டுமானால் அவரையும் கூட்டிக் கொண்டு போகலாம்.